எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா? ரிப்பேரா, லோக்கலா, பழசா, பிராண்டா?

சோமனூரில் இருக்கும் எங்கள் மாமா போன வாரம் காலையிலேயே போன் செய்தார். "மாப்ள, கம்ப்யூட்டரு உசுரே இல்லாம கெடக்குது. கடைத் தம்பி எஸ்எம்பிஎஸ் போச்சுங்கறான். எழுநூறு ரூவாய்க்கும் இருக்குதாம், மூவாயிரத்துக்கும் இருக்குதாம். ரெண்டுமே 450 வாட்டுன்னு தான் போட்டிருக்குது. அப்புறம் எதுக்குங்க அவ்வளவு காசு?"

நியாயமான கேள்விதான். எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற சின்ன வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. திருப்பூர் பனியன் கம்பெனி டிசைனர்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் என்று பலரும் இதே கேள்வியோடு எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி ஓயவில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

## போனது அதுதானா?

காசை எடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் சொருகினால் சார்ஜ் ஏறுகிறதா? பவர் கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா? எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா? சிரிக்காதீர்கள், அவிநாசியில் ஒரு வீட்டுக்கு 20 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் அந்த சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். கழற்றி, ரப்பரால் துடைத்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை, அல்லது கிராபிக்ஸ் வேலை தொடங்கியதும் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து, "ஃபேன் சுத்துது பாருங்க, நல்லாத்தான் இருக்குது" என்று காட்டும் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டுவது, சுமை ஏறியதும் 11க்குக் கீழே போகலாம். 11.4 முதல் 12.6 வரை இருந்தால்தான் சரி. தெரிந்தவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

## எதை வைத்து முடிவு செய்வது

வாட் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். சந்தையில் இருக்கும் எல்லாமே அதற்குப் போதும், காகிதத்தில். நான் பார்ப்பது வேறு நான்கு விஷயங்கள்.

முதலாவது, அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்பது. கம்ப்யூட்டரில் மற்ற எந்தப் பாகம் போனாலும் பெரும்பாலும் தான் மட்டும் போகும். எஸ்எம்பிஎஸ் மட்டும் துணைக்கு மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போக வல்லது. ஐந்து வருஷத்து நூல் கணக்கு வேறு நகல் இல்லாமல் உள்ளே இருக்கிறது என்றால், நீங்கள் வாங்குவது எஸ்எம்பிஎஸ் அல்ல, அந்தக் கணக்குக்கான காவல்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட். நம் பக்கம் இதை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. சோமனூர், பல்லடம் பக்கம் ஒரே லைனில் தறிகள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், நின்றதும் எகிறும். 2012 வாக்கில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது வீடுவீடாக நுழைந்த இன்வெர்ட்டர்கள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சதுர அலை வகை நிறைய, அதாவது கரண்டைச் சீரான அலையாக இல்லாமல் வெட்டி வெட்டிக் கொடுப்பவை. ஐப்பசி இடி மழையைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, இந்தக் கம்ப்யூட்டரை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்பது. நான்காவது, புதுசு அந்தப் பெட்டியில் பொருந்துமா என்பது. பிராண்டட் கம்பெனி கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் வழக்கமான 24 பின் கனெக்டரே கிடையாது. டெல், எச்பி, லெனோவா மாடல்கள் பலவற்றில் கனெக்டரும் தனி, அளவும் தனி.

## வழி 1: பழசையே ரிப்பேர் செய்வது

மோட்டார் காயில் கட்டும் ஊரில் பிறந்தவர்களுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. கோயம்புத்தூரில் சாலிடரிங் கை படிந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. பெரும்பாலும் போவது கெபாசிட்டர்தான், கரண்டைத் தேக்கிச் சீராக்கும் உருளை மாதிரியான பாகம். தலை உப்பிப்போய், சிலதில் பழுப்பாகக் கசிந்தும் நிற்கும். 105 டிகிரி சூடு தாங்கும் நல்ல கெபாசிட்டர் போட்டுத் தர 300, 400 ரூபாய் கேட்பார்கள்.

ஆனால் ஒரு கெபாசிட்டர் போயிருக்கிறது என்றால் அதே சூட்டில் அதே வருஷங்களைக் கழித்த மற்றவையும் வரிசையில்தான் நிற்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் நாலு மாதத்தில் அடுத்தது. அதனால் ரிப்பேருக்கு நான் சரி சொல்வது இரண்டு இடங்களில் மட்டும். தனி அளவு, தனி கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ், புதுசு கிடைக்கவில்லை அல்லது விலை அதிகம் என்றால் ரிப்பேர் செய்யலாம். கரண்ட் பகுதி நன்றாக இருந்து ஃபேன் மட்டும் கத்துகிறது என்றாலும் செய்யலாம். திருப்பூரில் பலர் ஃபேனின் ஸ்டிக்கரைப் பிரித்துத் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விடுவார்கள். கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். அதற்குள் புது ஃபேன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடாது.

## வழி 2: லோக்கல் எஸ்எம்பிஎஸ்

500 முதல் 900 ரூபாய்க்குள் கிடைப்பவை. மலிவான கேபினெட் வாங்கினால் கூடவே வருவதும் இதுதான்.

கையில் எடுத்ததும் எடையைப் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் கனக்கும். இது தேங்காய் மூடி மாதிரி லேசாக இருக்கும். அப்புறம் பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே பொடி எழுத்தில் உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 35 ஆம்பியருக்குப் பக்கமாக இருக்கும். மாமாவின் கேள்விக்கு விடை அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

ஒயர்கள் மெலிசு. வோல்டேஜ் எகிறினால், ஷார்ட் ஆனால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்புகள் பலவற்றில் முழுசாக இருக்காது. பின்னால் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 115க்குத் தள்ளிவிட்டுப் போட்டால் டமார்தான்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. எம்பிராய்டரி டிசைன் போடும் கம்ப்யூட்டருக்கு அவசரத்துக்கு ஒரு லோக்கல் எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். ஏழு மாதம் ஓடியது. ஒரு மழை இரவில் கரண்ட் போய்த் திரும்பி வந்த நொடியில் பொசுங்கிய நாற்றம். மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போயின. கடைக்கு எடுத்துப் போனேன். "ஒரு வருஷ வாரண்டி இருக்குதுங்ணா" என்று முகமலர்ச்சியோடு புது எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும்தான் வாரண்டி. போன டிசைன் ஃபைல்களுக்கு யார் வாரண்டி கொடுப்பது?

அப்படியானால் இதை வாங்கவே கூடாதா? சர்வீஸ் செய்பவர்கள் பழைய போர்டுகளைச் சோதித்துப் பார்க்க வாங்கலாம். அடுத்த மாதம் எடைக்குப் போகப்போகிற கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை எடுக்க ஒரு வாரம் ஓடினால் போதும் என்றாலும் வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

## வழி 3: பழைய பிராண்டட் எஸ்எம்பிஎஸ்

பலரும் யோசிக்காத வழி இது. ஐடி கம்பெனிகள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்கள் மொத்தமாகச் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. அவற்றில் டெல்டா, லைட்ஆன் போன்றவர்கள் செய்த எஸ்எம்பிஎஸ் இருக்கும். ஸ்டிக்கரில் 240 அல்லது 300 வாட் என்று அடக்கமாகப் போட்டிருக்கும், போட்டதைக் கொடுக்கவும் செய்யும். பழைய 300 வாட் டெல்டாவையும் புதிய 450 வாட் லோக்கலையும் முன்னால் வைத்தால் நான் டெல்டாவைத்தான் எடுப்பேன். விலை 600 முதல் 1,000 ரூபாய்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஸ்டிக்கரில் தயாரித்த வருஷம் இருக்கும்; எட்டு வருஷத்துக்கு மேல் என்றால் வேண்டாம். கனெக்டர் உங்கள் போர்டுக்குப் பொருந்த வேண்டும். பிராசஸர் பக்கத்து 4 பின் அல்லது 8 பின்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை இருந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாரண்டி என்று பேப்பரில் எதுவும் வராது. "ஒரு மாசத்துக்குள்ள ஏதாச்சும்னா கொண்டாங்க" என்ற வாய்வார்த்தைதான். இரண்டு வருஷம் ஓட்டிவிட்டுப் புதுசு வாங்கப்போகிறவர்களுக்கும், கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் இதுவே என் சிபாரிசு.

## வழி 4: புதிய பிராண்டட்

இதற்குள்ளேயே மூன்று படி இருக்கிறது. 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் ஆரம்ப நிலை 450 வாட். 3,500, 4,500 அளவில் 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்). 6,000க்கு மேல் கோல்டு. விலை வாரத்துக்கு வாரம் மாறும். கோவை காந்திபுரத்துக் கடைகளில் ஒன்று சொல்வார்கள், ஆன்லைனில் ஒன்று இருக்கும், இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

80 பிளஸ் என்பது தரச்சான்று என்று பலர் நினைக்கிறார்கள். அது சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு உள்ளே போய்ச் சேருகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதற்கான அளவு மட்டும்தான். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90 சதவீதம் கிடைக்க வேண்டும். இதைக் கரண்ட் பில்லாக மாற்றிப் பார்ப்போம். உள்ளே 100 வாட் தேவைப்படும் கம்ப்யூட்டர், தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள். லோக்கல் எஸ்எம்பிஎஸ் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பதில் பிரான்ஸ் போடும்போது வருஷத்துக்கு 60 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்றால் 360 ரூபாய். ஏழெட்டு வருஷத்தில் விலை வித்தியாசம் கிட்டத்தட்ட வந்துவிடும். பிரான்ஸிலிருந்து கோல்டுக்குப் போனால் மிச்சம் 16 யூனிட்டுக்குள், நூறு ரூபாய்கூட இல்லை. 2,000 ரூபாய் அதிகம் கொடுத்து அதை எடுக்க இருபது வருஷம் ஆகும். நாள் முழுக்கக் கனமான கிராபிக்ஸ் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு கோல்டு சரி. டேலியில் கணக்கு மட்டும் எழுதும் கம்ப்யூட்டருக்கு எதற்கு?

நம் ஊருக்கு நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது ஸ்டிக்கரில் உள்ள இன்புட் வோல்டேஜ். சில ஆரம்ப நிலை பிராண்டட் எஸ்எம்பிஎஸ்களில் 200 முதல் 240 வோல்ட் என்றிருக்கும். வேறு சிலவற்றில் 100 முதல் 240. தறி லைனில் இருப்பவர்கள் இரண்டாவது வகையைத் தேடி வாங்குங்கள். வோல்டேஜ் 170க்கு இறங்கினாலும் அது அசையாமல் ஓடும். வோல்டேஜ் இறங்குவதற்காகத் தனியாக ஸ்டெபிலைசர் தேவைப்படாது.

மறைவான செலவும் இங்கே ஒன்று உண்டு. இந்த வகையில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் இருக்கும், சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுப்பதற்காக. சதுர அலை இன்வெர்ட்டரோடு அதற்குச் சில நேரம் ஒத்துப்போகாது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது ரீஸ்டார்ட் ஆகலாம், அல்லது உள்ளே வண்டு மாதிரி ரீங்காரம் கேட்கலாம். சாதாரண யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் ஓடிவிடும், சிலதில் தகராறு வரும். அதனால் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு வாங்கி, மாட்டிய அன்றே மெயினை அணைத்துச் சோதித்துவிடுங்கள். அப்போது ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு. எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் 16, 17 மில்லி விநாடிதான் தாங்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். ஆனால் யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனதுமே பல இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்கு மாறிவிடும். தறி ஓடும் பகலில் பேட்டரி தீர்ந்துபோவது இப்படித்தான்.

கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த நாலாவது வழி மட்டும்தான். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற 170 வாட் கார்டுக்கு 550 வாட் பிரான்ஸ் போதும். 750, 850 என்று கடைக்காரர் ஏற்றிக்கொண்டே போனால், "எனக்கு அவ்வளவு வேண்டாமுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கையிலிருந்து போவது | பின்னால் வரக்கூடியது | யாருக்கு |
|---|---|---|---|
| ரிப்பேர் | 300–500 ரூபாய் | அடுத்த கெபாசிட்டர் | தனி அளவு எஸ்எம்பிஎஸ், ஃபேன் சத்தம் |
| லோக்கல் | 500–900 ரூபாய் | மதர்போர்டு, டிஸ்க், டேட்டா | சோதனைக்கு, ஒரு வார வேலைக்கு |
| பழைய பிராண்டட் | 600–1,000 ரூபாய் | வாரண்டி இல்லை, கனெக்டர் பொருந்தாமை | இரண்டு வருஷம் ஓட்டப்போகும் பழைய கம்ப்யூட்டர் |
| புதிய பிராண்டட் | 2,000 ரூபாய் முதல் | இன்வெர்ட்டர் ஒத்துப்போகாமை | கணக்கு, டிசைன், கிராபிக்ஸ் கார்டு |

## மாட்டும்போது

பில்லோடு வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகட்டும் என்று பில் இல்லாமல் வாங்கினால், நல்ல பிராண்டுகள் கொடுக்கும் மூன்று முதல் ஐந்து வருஷ வாரண்டியைக் கேட்கும்போது கையைப் பிசைய வேண்டியதுதான்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடலாக இருந்தால் பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறலாம். சொருகினால் பொருந்தும், போட்டதும் டிஸ்க் எரியும்.

தறிக் குடோனிலும் பனியன் கம்பெனியிலும் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஃபேன் வலையில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்துவிடும். காற்றுப் போக வழியில்லாமல் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சூட்டில் சாகும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் காலியாக இருக்கும் கார்டு துளைகளுக்குத் தகடு போட்டு மூடுங்கள். பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆன கதைகள் இரண்டு எனக்கே தெரியும்.

மாமாவுக்கு 100–240 வோல்ட் என்று போட்ட ஆரம்ப நிலை பிராண்டட் 450 வாட் வாங்கினோம். 2,600 ரூபாய். கார்டு இல்லை, டேலிதான், பிரான்ஸ்கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் மறுபடி போன். "மாப்ள, நல்லாத்தான் ஓடுது. பொட்டியத் தொட்டா மட்டும் சுருக்குங்குது. பழச மாட்டியிருந்தப்ப இப்படி இல்லீங்களே?"

பழசில் அடிக்காததற்குக் காரணம் அது நல்லதாக இருந்தது அல்ல. கரண்டில் கலந்து வரும் மின் இரைச்சலை வடிகட்டும் சர்க்யூட்டே அதில் கிடையாது. புதுசில் அது இருக்கிறது. அதன் சின்னக் கெபாசிட்டர்கள் கசியும் துளிக் கரண்டை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே நிற்கும், தொட்டால் சுருக்கென்னும். எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய்ப் பார்த்தோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று துளை இருந்தது, உள்ளே வந்த ஒயரில் இரண்டே கம்பி. தறிக் குடோன் எர்த்திலிருந்து புது ஒயர் இழுக்க 600 ரூபாய் ஆனது. மாமா அதையும் எஸ்எம்பிஎஸ் கணக்கிலேயே சேர்த்து டேலியில் ஏற்றி வைத்திருக்கிறார்.